தட்டிக்கு அந்தப் பக்கத்துப் பாடம்

பொறாமை எனக்குக் காது வழியாகத்தான் வந்தது. எழுபதுகளின் நடுவில் பாகூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியர். பதினோராம் வகுப்பு ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் நடுவே சுவர் கிடையாது. நீளமான ஓட்டுக் கட்டடம் ஒன்றை மூங்கில் தட்டியால் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் யாராவது தும்மினால் அந்தப் பக்கம் சிரிப்பார்கள். ஐந்து வருஷம் அந்தத் தட்டியால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. என் குரல்தான் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

ஆறாவது வருஷம் பி பிரிவுக்குப் புதிதாக ஓர் ஆங்கில ஆசிரியர் வந்தார். வில்லியனூர்க்காரர். என் வயதுதான். அங்கே கடைத்தெருவில் அவர்கள் குடும்பத்துக்கு மளிகைக் கடை இருந்தது. இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு டிபன் கேரியரோடு வந்து இறங்குவார். பிள்ளைகள் ஒரே வாரத்தில் அவரை 'பாய் சார்' ஆக்கிக்கொண்டார்கள். நானோ ஐந்து வருஷமாக வெறும் 'இங்கிலீஷ் சார்'. எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட அவர்கள் வைத்ததில்லை. பட்டப்பெயர் இல்லாதது மரியாதை என்றுதான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சோரியாங்குப்பத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். எங்கள் தெருவில் முதல் எம்.ஏ. நான்தான். மழைக்காலத்திலும் ஷூ போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போவேன். வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வருவார். அவர் உட்கார்ந்து பார்ப்பதற்குத் தலைமை ஆசிரியர் ஒரே ஓர் ஆங்கில வகுப்பைத்தான் ஒதுக்குவார். ஐந்து வருஷமும் அது என் வகுப்புதான். சம்பளமோ பதவியோ அதனால் உயரவில்லை. ஆனாலும் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களெல்லாம் பாடம் நடத்தினேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

அந்த வருஷப் பாடப் புத்தகத்தில் ஒரு போர்க் கவிதை இருந்தது. தலைப்பைச் சொல்லப்போவதில்லை. எனக்கு அதன்மேல் பழைய கோபம் ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. ஐரோப்பாவில் எங்கோ ஒரு போர்முனை. ஆள் உயரத்துக்கு வெட்டிய நீளக் குழி. அதற்குள் முழங்கால் தண்ணீரில் சிப்பாய்கள் நாள்கணக்காக நிற்கிறார்கள். குண்டு வருவதற்கு முன்பே கால் அழுக ஆரம்பித்துவிடுகிறது. கடைசிப் பகுதியில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனுடைய பூட்ஸைக் கழற்றி, விரல் இடுக்குகளில் எண்ணெய் தேய்த்துவிடுகிறான். தேய்த்து முடித்த பிறகுதான் அந்தக் காலுக்கு உரியவன் எப்போதோ இறந்துபோனது தெரிகிறது.

நான் அதை எப்படி நடத்தினேன் தெரியுமா? கரும்பலகையை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் சுருக்கம், ஒரு பக்கம் அணிகள், ஒரு பக்கம் மையக் கருத்து. எந்த வரியில் உவமை, எந்த வரியில் உருவகம் என்று எண் போட்டுக் கொடுத்தேன். 'எண்ணெய் தேய்ப்பது சிப்பாய்களின் தோழமையைக் காட்டுகிறது' என்று சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், அந்தக் குழி நம்ம வாய்க்கா மாதிரி இருக்குமா?" என்று கேட்டாள்.

"வாய்க்கா தண்ணி பாய்ச்சறதுக்கு. இது யுத்தம். ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம்? உக்காந்து எழுது."

அவள் உட்கார்ந்து எழுதினாள். பாடம் நன்றாகப் போனது என்று எனக்குத் திருப்தி.

மறுநாள் பி பிரிவில் அதே பாடம். அவர் புத்தகத்தைத் திறக்கச் சொல்லவே இல்லை. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது ஒரு கேள்வி.

"ஞாயித்துக்கெழம யார் யார் நடவுக்குப் போனீங்க?"

புரட்டாசி மாதம், சம்பா நடவு சமயம். விடுமுறை நாளில் பாதிப் பிள்ளைகள் அம்மாவோடு வயலில்தான் நிற்பார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் ஆங்கில வகுப்பில் அதை யாரும் கேட்டதில்லை. பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. கை தூக்கியிருப்பார்கள்.

"காலக் காட்டுங்க பாப்போம். வெக்கப்படாதீங்க. இது இன்னா, விரலு சந்துல?"

"சேத்துப்புண்ணு சார்."

"எரியுமா?"

"தண்ணில நிக்கறப்போ தெரியாது சார். வரப்பு ஏறினாதான் எரியும்."

அதற்குப் பிறகுதான் அவர் கவிதையை ஆங்கிலத்தில் படித்தார். மெதுவாக, ஒரு வார்த்தைக்கும் விளக்கம் சொல்லாமல். அந்தப் பக்கம் ஓர் இருமல்கூட இல்லை. அதுகூடப் பரவாயில்லை. என் பக்கத்திலும் எழுதும் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் சொல்லிக்கொண்டிருந்த நோட்ஸை நான் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு வயிறு எரிந்தது. இதைவிட நாகரிகமாகச் சொல்ல வார்த்தை இல்லை. அது என் ஊர்ச் சேறு. நான் பிறந்து விழுந்து புரண்டு, படித்துக் கரையேறிய சேறு. புளியும் மிளகாயும் நிறுத்துப் பழகிய வீட்டு ஆள், ஒரு நாளும் வரப்பில் கால் வைக்காதவர், அதை அள்ளி எடுத்து எனக்குப் பக்கத்திலேயே கடை விரித்துவிட்டார். பிறகு யோசித்தபோது அவருடைய சூட்சுமம் பிடிபட்டது. எங்கள் வீட்டில் சொல்லித்தான் பழக்கம்: மடையைத் திற, மாட்டை ஓட்டு, களத்தைக் கூட்டு. கடைக்காரர் வீட்டில் கேட்டுத்தான் பழக்கம்: உங்களுக்கு என்ன வேணும், எவ்வளவு வேணும், வீட்டில் எத்தனை பேர். அவர் வகுப்பிலும் வாடிக்கைக்காரர்களிடம் கேட்பது போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இது புரிந்ததில் என் எரிச்சல் ஒன்றும் தணியவில்லை. கூடத்தான் செய்தது.

இரண்டு நாள் கழித்து ஆசிரியர்கள் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், நீங்க இந்த ஊர்ப் பக்கம். உங்களத்தான் கேக்கணும். நடவுக்குப் போறவங்க காலுக்கு இன்னா வைத்தியம் பண்ணுவாங்க? எங்க வூட்ல யாரும் வயலுக்குப் போனதில்ல. புள்ளைங்ககிட்ட தப்பா ஏதாச்சும் சொல்லிடக் கூடாது பாருங்க."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "எனக்கு இன்னா சார் தெரியும்? சின்ன வயசிலேயே படிப்பு படிப்புன்னு போயிட்டேன்."

பொய். பச்சைப் பொய். கொல்லையிலிருந்து மருதாணி இலை பறித்து, மைய அரைத்து, அம்மாவின் கால் விரல் இடுக்குகளில் வைத்துக் கட்டுவது பதினேழு வயது வரைக்கும் என் வேலை. நாள் முழுக்கக் குனிந்து நட்டுவிட்டு வந்தவளுக்கு வீட்டில் வந்து குனிய முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை என் மடியில் போடுவாள். தோல் வெளுத்து ஊறிப்போய், விரல் சந்தில் சதை பிளந்திருக்கும். மருதாணி பட்டதும் பல்லைக் கடித்துக்கொள்வாள். நடவுக் காலம் முழுக்க அவள் கால் விரல்கள் சிவந்தே இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி என்று அப்பா கேலி செய்வார். இத்தனையும் தெரிந்த வாய்தான் தெரியாது என்றது. அவர் கையில் இன்னும் ஒரு சரக்கு சேர்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

"பரவால்ல சார், புள்ளைங்களையே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

இன்ஸ்பெக்டர் வருகிற தேதி குறித்துக் கடிதம் வந்துவிட்டது. அந்த வருஷம் என்ன பாடம் காட்டுவது என்பதில் தலைமை ஆசிரியருக்குச் சந்தேகமே இல்லை, போர்க் கவிதைதான். எந்தப் பிரிவைக் காட்டுவது என்பதில்தான் அவர் இழுத்தார். எப்போதும் இழுக்காதவர். எனக்குத் தூக்கம் போயிற்று. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பி பிரிவுக்காரர் சேற்றுப்புண்ணைக் காட்டினால் நான் சிப்பாயையே காட்டுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களை 'சொல்தா' என்போம். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி அப்படி ஒரு சொல்தா இருந்தார். இந்தோசீனாவில் சண்டை போட்டவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவரை வகுப்புக்கு அழைத்தேன். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலுக்கு மட்டும் வெளியே வருகிற கோட்டும் தொப்பியும் போட்டு, மார்பில் மூன்று மெடலைக் குத்திக்கொண்டு, சென்ட் மணக்க வந்தார். நான் வேண்டுமென்றே தட்டியை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, "பதுங்குகுழியில் நீங்கள் பட்ட கஷ்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்" என்றேன்.

"கஷ்டமா? இன்னா கஷ்டம்?" என்றார் அவர். "குழி வெட்டுனோம், குந்திகினு இருந்தோம். டப்பால மீனு குடுப்பான். எண்ணெயில ஊறப்போட்ட மீனு. அத ரொட்டில வச்சித் துன்னா, அடடா! ஒரு ஆபீசரு எனக்குத் தன் போர்வையவே குடுத்தாரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கமும் சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் வந்து சல்யூட் எப்படி அடிப்பது என்று எழுந்து நின்று காட்டினார். என் பாடம் கண்ணெதிரே கூத்தாகிக்கொண்டிருந்தது.

நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. "தண்ணியில நின்னீங்களே, கால் அழுகலையா?" என்றேன். "உங்க பக்கத்துல இருந்தவங்க யாராவது செத்தாங்களா? அப்ப எப்படி இருந்துச்சி? அதச் சொல்லுங்க" என்றேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு துளி கண்ணீர். அவர் அழுதால் என் வகுப்பு அழும். என் வகுப்பு அழுதால் தலைமை ஆசிரியருக்குக் கேட்கும்.

அவர் அழவில்லை. சல்யூட் அடித்த கை மெல்ல இறங்கியது. என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"தம்பி, புள்ளைங்க இருக்குதுங்க" என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தார். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பி பிரிவு ஆசிரியர் தன் வகுப்பை விட்டுவிட்டு வந்து, அவரோடு கேட் வரைக்கும் மெதுவாக நடந்துகொண்டிருந்தார். அதைக்கூட என்னால் சகிக்க முடியவில்லை. நான் அழைத்து வந்த விருந்தாளியை வழியனுப்பும் பேரையும் அவர்தான் தட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். "இந்த வாட்டி பி செக்‌ஷனக் காட்டிடலாம்னு இருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று நான் என் பிரிவில் வேறு பாடம் வைத்துக்கொண்டேன். இலக்கணப் பயிற்சி. பலகை நிறைய எழுதிப் போட்டுவிட்டு, பிள்ளைகள் செய்வதைப் பார்ப்பது போல நின்றேன். காது மட்டும் தட்டியில் இருந்தது. அந்தப் பக்கம் அவர் கவிதையின் கடைசிப் பகுதிக்கு வந்தார்.

"இவன் ஏன் தன் காலுக்கு எண்ணெய் தேச்சிக்காம அவன் காலுக்குத் தேய்க்கிறான்?"

பதில் இல்லை. நிமிஷம் ஓடியது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. என் பிள்ளைகளாக இருந்தால் 'தோழமை' என்று ஒரே குரலில் ஒப்பித்திருப்பார்கள். நோட்ஸ் கொடுக்காததன் பலனை அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன்.

அவர் தமிழுக்கு மாறினார். "நான் ஒண்ணு கேக்கறேன், எனக்கே பதில் தெரியாது, நீங்கதான் சொல்லணும். நடவு முடிஞ்சி வந்தா உங்க வூட்ல காலுக்கு இன்னா போடுவாங்க?"

"மருதாணி சார்."

"அவங்க அவங்களே போட்டுக்குவாங்களா?"

அப்போது என் பக்கத்திலிருந்து, முன் பெஞ்சில் வாய்க்காலைப் பற்றிக் கேட்டாளே, அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"குனிய முடியாது சார். எங்கம்மாவுக்கு நாந்தான் போட்டுவுடுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி பெஞ்சுப் பையன், "நாங்கூட சார்" என்றான். "எங்க வூட்ல நானும் அக்காவும் சார்." "எங்க அத்தைக்கு சார்." என் பிள்ளைகள் பாதிப் பேர் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். நான் பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸோடு நின்று அவர்களுடைய பின்னந்தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் என் வகுப்பில் தங்களைக் கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. அன்றைக்கு இன்னொருவர் வகுப்பின் கேள்விக்குப் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். 'நானும்தான்' என்று எனக்கும் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் அவர் சிரித்தது கேட்டது. "ஏ செக்‌ஷன் புள்ளைங்களா? நல்லது, நல்லது. அப்போ சொல்லுங்க, கால மடியில வச்சி எண்ணெய் தேய்ச்சானே, அவன் அந்தச் செத்துப்போனவனுக்கு இன்னா வேணும்?"

கேள்வியை அப்படியே விட்டார். அங்கேயே பாடத்தை முடித்துவிட்டார்.

ஐந்து நிமிஷத்தில் இன்ஸ்பெக்டர் என் அறைக்குள் வந்தார். பின்னால் தலைமை ஆசிரியர், அவருக்குப் பின்னால் இவர். இன்றைக்கு என் மானம் கப்பலேறியது என்று நினைத்தேன். வகுப்பைக் கட்டுக்குள் வைக்கத் தெரியாதவர் என்று குறிப்பெழுத அந்தக் கூச்சல் போதும். இன்ஸ்பெக்டர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "இந்த செக்‌ஷனுக்கும் இதே முறையில்தான் நடத்தினீங்களா?" என்று கேட்டார்.

நான் விழித்தேன். பி பிரிவு ஆசிரியர் முந்திக்கொண்டார்.

"சார் இந்த ஊர்க்காரர் சார். நான் சாரக் கேட்டுட்டுத்தான் இந்தப் பாடத்த இப்படி எடுத்தேன்."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவர் என்னைக் கேட்டது உண்மைதான். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. குத்திக்காட்டினாரா, காப்பாற்றினாரா? அவர் முகத்தைப் பார்த்தேன். கடையில் மீதிச் சில்லறையைக் கையில் வைக்கிறவர் முகம்போல் சாதாரணமாக இருந்தது.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் சும்மாவாவது இருந்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? டையைச் சரிசெய்துகொண்டு, "ஆமா சார், நாங்க ரெண்டு பேரும் கலந்து பேசித்தான் திட்டம் போட்டோம்" என்றேன். தலைமை ஆசிரியருக்கு முகமெல்லாம் பல். இன்ஸ்பெக்டர் கைகொடுத்தார். அறிக்கையில் இரண்டு பிரிவையும் பாராட்டி எழுதியிருந்தார். ஊர்க்காரர் என்பதால் என் பெயர் முதலில் இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியும். "பஸ் லேட் போல" என்றேன். "வந்துரும் சார்" என்றார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஒரு சண்டை போட்டிருந்தாலாவது அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த ஜூனில் அவருக்கு ஒதியம்பட்டுப் பக்கம், வீட்டுக்கு அருகிலேயே மாற்றல் கிடைத்தது. வழியனுப்பு விழாவில் மாலை போட்டவன் நான்தான். பிள்ளைகள் அழுதார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தட்டியும் போய் நடுவில் செங்கல் சுவர் வந்தது.

பாடத்திட்டம் மாறியும் அந்தக் கவிதை மட்டும் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. எண்பதுகள் முழுக்க அதை நடத்தினேன். அவர் போன பிறகு முதல் தடவை பழைய நோட்ஸோடுதான் உள்ளே போனேன். பலகையில் கோடு போடக் கை எழவில்லை. திரும்பி நின்று, "யார் யார் நடவுக்குப் போனீங்க?" என்று கேட்டேன். கைகள் எழுந்தன. அதன் பிறகு எல்லா வருஷமும் அதே கேள்வி, அதே வரிசை, காலக் காட்டுங்க என்பது வரைக்கும். அது வேறொருவர் பாடம் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. அந்தக் கவிதையை என்னைப்போல் நடத்த ஆளில்லை என்று மற்ற பள்ளி ஆசிரியர்கள்கூட வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு வருஷம் பாடம் முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, "சார், உங்களுக்கு எப்டி சார் இப்படிக் கேக்கணும்னு தோணுச்சி?" என்றாள்.

"எங்கம்மா காலுக்கு நாந்தாம்மா மருதாணி வெப்பேன். அதுல தோணுச்சி" என்றேன்.

வகுப்பே என்னை அன்போடு பார்த்தது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆசைப்பட்ட பார்வை அது. அவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும். அந்த நிமிஷத்திலும் வில்லியனூர்க்காரர்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.